பங்குனி அடுக்களை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, போன வருஷம் இரண்டு கிலோ மாவடு போட்டேன். பத்தே நாளில் பாதி வடு கொழகொழவென்று ஆகி, மேலே வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. மாமியார் சொன்ன கை அளவில்தான் உப்பு போட்டேன். எங்கே தப்பு?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உப்புக்கு அப்புறம் வருகிறேன். வடுவை எப்படிப் பார்த்து வாங்கினீர்கள்? காம்போடு பறித்ததா, காற்றில் விழுந்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டதா? விழுந்த வடுவில் வெளியே தெரியாமல் அடிபட்டிருக்கும், குழைவது அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பதையும் விடாது. அதனால் கூடைக்காரம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்றை எடுத்து அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும், நுனியில் துளிக் காம்பு இருக்க வேண்டும், அந்தக் காம்பைக் கிள்ளினால் பால் வர வேண்டும். மதுரைப் பக்கம் இருப்பவர்கள் அழகர்மலை வடு வரும்வரை காத்திருப்பார்கள், அந்த வாசனைக்காகக் காத்திருக்கலாம்தான்.

அடுத்தது ஈரம். கழுவிய வடுவைத் துணியில் பரப்பி நிழலில் நன்றாக உலர விடுங்கள். நான் ஒரு வருஷம் ஊருக்குப் போகும் அவசரத்தில் அரை ஈரத்தோடு ஜாடியில் போட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து மூன்று கிலோவையும் கொட்டினேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது உப்பு. மாமியார் கை வேறு, உங்கள் கை வேறு, தராசு ஒன்றுதான் எல்லாருக்கும் பொது. ஒரு கிலோ வடுவுக்குக் கல் உப்பு 150 முதல் 200 கிராம், மிளகாய்த்தூள் 50 கிராம், கடுகுத்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, விளக்கெண்ணெய் 2 மேசைக்கரண்டி. முதலில் எண்ணெயைப் புரட்டுங்கள், பிறகு உப்பும் மஞ்சளும். தினம் இரண்டு வேளை குலுக்கினால் மூன்று நாலு நாளில் வடு சுருங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்த்தூளையும் கடுகுத்தூளையும் கரைத்து ஊற்றுங்கள். வெளித்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மேலே வெள்ளையாகப் படர்ந்ததற்குக் காரணம், தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு நின்ற வடு. எல்லாம் முங்கியிருக்க வேண்டும், முங்காவிட்டால் குலுக்குவதை நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்தில் மோர்சாதத்துக்குத் தயார்.

கேள்வி: திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு மெஸ்ஸில் சொதி சாப்பிட்டோம், குழந்தைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். வீட்டில் செய்தால் திரிதிரியாகப் பிரிந்துவிட்டது.
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அடடா, சொதி சாப்பிட்ட குழந்தைகளா, கொடுத்துவைத்தவர்கள்! நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மறுவீட்டு விருந்தில் இது இல்லாமல் இருக்காது. இதை யாழ்ப்பாணத்துச் சொதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது இடியாப்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீர்ப் பக்குவம், இது சோற்றுக்குப் பிசைகிற கெட்டிக் குழம்பு.

பிரிந்ததற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டிருப்பீர்கள். இரண்டு, அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பீர்கள். ஒரு பெரிய தேங்காயில் மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். காரட், பீன்ஸ், உருளை, முருங்கை எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும். வெந்ததும் இரண்டாம் பாலும் மசித்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துப் பிழிந்த சாறும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். அப்புறம் தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றி, அடுப்பை விட்டு நகராமல் பாத்திரத்தின் ஓரத்தையே பாருங்கள், ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி ஒன்றையொன்று தொடப் போகிற நேரம் வரும், அப்போதே இறக்குங்கள், நடுவில் குமிழி வந்தால் தாமதம். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு எலுமிச்சை. தாளிக்கிறபோது சின்ன வெங்காயத்தை முழுதாக வதக்கிப் போட்டால் அந்த மெஸ் மணம் வரும்.

முருங்கைக்காய் மார்கழி தையில் கை சுடுகிற விலைக்கு விற்கும், இப்போது சதையும் பற்றி, விலையும் இறங்கி வருகிறது, அதனால் சொதி செய்ய இதுவே நேரம். கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம் வையுங்கள், அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டாமா?

கேள்வி: வேப்பம்பூ ரசம் வைத்தால் ஒரே கசப்பு. வீட்டில் யாரும் தொடுவதில்லை.
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: பூவை ரசத்தோடு கொதிக்க விடுகிறீர்கள், அதுதான். ரசத்தைத் தனியாக முடித்துக்கொண்டு, பூவை நெய்யில் கரும்பழுப்பாக வறுத்துப் பரிமாறும் நேரத்தில் மேலே போடுங்கள். மரத்தடியில் ராத்திரி பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் பூ கிடக்கும், காம்பு நீக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் அடுத்த வருஷம்வரை இருக்கும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் ஹோட்டலில் வஞ்சிரம் வறுவல் வாங்குவது சரியா? போன வருஷம் கொடுத்த காசுக்கு வாயில் வைக்க முடியவில்லை.
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: வஞ்சிரம் வேண்டாம் சார். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக. அதாவது சித்திரை பிறந்த மறுநாளே ஆரம்பம். அந்த நாட்களில் நம் ஊர்த் தட்டுக்கு வருகிற பெரிய மீன் பெரும்பாலும் கேரளப் பக்கத்திலிருந்து ஐஸில் பயணம் செய்து வந்தது, இல்லையென்றால் ஏற்கெனவே குளிர்பதனத்தில் கிடந்தது. அங்கே தடை ஜூன் மாதம்தான் தொடங்கும்.

ஆனால் நாட்டுப்படகுக்காரர்கள் கரையை ஒட்டிப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் ஹோட்டலில் உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் திறக்காமல், "அண்ணே, இன்னைக்குக் காலையில என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். நெத்திலி, மத்தி என்று பதில் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஏரி விராலும் நன்றாக இருக்கும். மழுப்பினால் சாம்பார் சாதம் போதும்.

வீட்டில் என்றால் நெத்திலி மாங்காய்க் குழம்புதான். மாங்காயும் அதே மாதத்தில் மலிவு. புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், குழம்பு கொதித்து எண்ணெய் மிதக்க ஆரம்பித்ததும் மாங்காய்த் துண்டைப் போட்டு, அது முக்கால் வேக்காடு ஆனதும் நெத்திலியைப் போட்டு, ஐந்தே நிமிடத்தில் இறக்குங்கள். கரண்டி விட வேண்டாம், சட்டியைப் பிடித்து லேசாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.