பனிக்கால பென் நெவிஸ்: கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை ஏறப்போகிறோம். 1345 மீட்டர்தானே? நம்ம தொட்டபெட்டாவே 2637. ஏன் இத்தனை எச்சரிக்கை?

பதில்: தொட்டபெட்டா உச்சிவரை வண்டி போகும். இங்கே ஏறத்தாழ கடல் மட்டத்திலிருந்து முழு உயரத்தையும் காலால்தான் ஏறணும். 1000 மீட்டர் ஏறினால் 6 முதல் 10 டிகிரி வரை குறையும். அடிவாரத்தில் மழைத் தூறல் என்றால் மேலே பனிப்புயலாக இருக்கலாம். அதோடு அட்லாண்டிக் காற்று. இதற்குக் கிழக்கே, ஸ்காட்லாந்திலேயே இருக்கும் கெய்ர்ன் கோர்ம் மலையுச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கி.மீ. வேகம் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: போனில் மேப் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். ஈரக் கையுறையோடு தொட்டால் திரை கேட்காது. காகித வரைபடமும் காம்பஸும் வேண்டும்.

கேள்வி: ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்கிறார்களே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி. உச்சி அகலமான சமதளம். மேகமும் பனியும் சேர்ந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. ஏறிவந்த தடமும் மூடிப்போகும். வடக்கே சுமார் 700 மீட்டர் செங்குத்துப் பாறை. அதன் விளிம்பில் காற்று சேர்த்த பனி வெளியே துருத்தி நிற்கும், அடியில் ஒன்றுமே இருக்காது. உச்சியிலுள்ள நில அளவைத் தூணிலிருந்து 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடந்தால் கார்டிலூ பள்ளத்தை (பாறையில் விழுந்த செங்குத்துப் பிளவு) தாண்டலாம். பிறகு 282 பாகைக்குத் திரும்பணும். திரும்பாமல் போனாலும், அதிகமாக இடப்பக்கம் சாய்ந்தாலும் ஃபைவ் ஃபிங்கர் பள்ளம் காத்திருக்கிறது. இவை வரைபடக் கோணங்கள்; காம்பஸ் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது காந்தத் திருத்தத்தை, சரிபாருங்கள். காலடி எண்ணி 150 மீட்டரை அளக்கக் கீழேயே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடிவார ஊரான ஃபோர்ட் வில்லியமில் நல்ல தங்குமிடம்?

பதில்: ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: போன ஜனவரியில் சாதாரண ஷூவில் மைக்ரோஸ்பைக் மாட்டிப் போய்வந்தேன். நீங்கள் ஆட்களைப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: அன்றைக்குப் பனி மென்மையாக இருந்திருக்கும். உறைந்த சரிவில் அந்தக் குட்டி முட்கள் பிடிக்காது. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பன்னிரண்டு பல் இரும்புச் சட்டமான கிராம்பான், அதற்கேற்ற விறைப்பான பூட்ஸ், கையில் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாலி, இவை வேண்டும்.

கேள்வி: அதே ஆள்தான். அன்று இருபது பேர் அப்படித்தான் வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

பதில்: அன்று ஒருவரும் வழுக்கவில்லை, அவ்வளவுதான். வழுக்கினால் முதல் ஓரிரு நொடியில் ஆக்ஸைக் குத்தி நிற்கணும். வேகம் பிடித்தபின் எதுவும் நிறுத்தாது. உங்களை நம்பிப் பின்னால் வருகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். வாடகைக்குக் கிடைக்கும் சாமான்தான் தம்பி.

கேள்வி: ஜிபிஎஸ் வாட்ச் இருந்தால் காம்பஸ் வேண்டாம்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டும்.

கேள்வி: எப்போது திரும்பணும்?

பதில்: நாலு மணிக்குள் இருட்டிவிடும், அதனால் விடியுமுன் கிளம்பி, திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்யுங்கள். காற்றில் நிற்க முடியாவிட்டால், ஒருவர் பேச்சுக் குழறினால், அந்த இடத்திலேயே திரும்புங்கள். 1971 நவம்பரில் கெய்ர்ன்கோர்ம் பீடபூமியில் ஒதுங்குகுடிலை எட்ட முடியாமல் ஐந்து மாணவர்களும் பயிற்றுநர் ஒருவரும் இறந்தார்கள். மாட்டிக்கொண்டால் அவசர எண் 999-ஐ அழைத்துப் போலீஸ், பிறகு மலை மீட்புக்குழு என்று கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.