ஒரு மீனில் எத்தனை வகை ஒட்டுண்ணி?

கேள்வி: ஒரே ஏரியில் பிடித்த இரண்டு மீன்களில் ஒன்றில் பலவகை ஒட்டுண்ணிகள், இன்னொன்றில் ஒன்றிரண்டுதான். ஏன் இப்படி?

பதில்: முதலில் அந்த மீன் என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள். நாடாப்புழு போன்றவை பெரும்பாலும் இரையோடு சேர்ந்துதான் உள்ளே போகின்றன, அதனால் பூச்சி, சின்ன மீன் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்குகிற மீனுக்கு, பாசி மட்டும் மேய்கிற மீனைவிடக் குடல்புழு வகைகள் பொதுவாக அதிகம். அப்புறம் உடல் அளவு, வயது. பெரிய மீனில் இடம் அதிகம், பல ஆண்டு வாழ்ந்தால் சேர்வதும் அதிகம். செவுளில் கொக்கி போட்டுத் தொங்கும் தட்டைப்புழுக்களுக்கோ மீன்கள் நெருக்கமாக இருந்தாலே போதும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சுற்றியிருக்கும் உயிர்கள்தான். டிப்ளோஸ்டோமம் என்ற புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நத்தையிலிருந்து வெளியே நீந்தி வந்து, மீனின் தோலைத் துளைத்து, கண் வில்லைக்குள் போய் உட்காருகிறது. பார்வை மங்கிய அந்த மீனைப் பறவை கொத்தித் தின்றால் பறவையின் குடலில் முதிர்கிறது. நத்தை இல்லையா, பறவை வரவில்லையா, இந்தப் புழுவும் இல்லை. மாசுபட்டு நத்தைகள் செத்துப்போன நீரில் இத்தகைய வகைகள் குறைவது இதனால்தான். எனவே மீனில் புழுவைப் பார்த்ததும் ஏரி கெட்டுவிட்டது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.