சந்தா வசூலிப்புக்கு எந்த மென்பொருள்? கல்லடி வாசகிக்குப் பதில்

கேள்வி: கல்லடியில் நானும் கணவரும் ஓர் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறோம். 140 அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். மாதச் சந்தா 3,500 ரூபாய். கணக்கு முழுவதும் சீ.ஆர். கொப்பியில்தான் இருக்கிறது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது. மாதாமாதம் தானாகவே பில் போட்டுக் காசையும் எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்றை மாதம் 30 டொலருக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? எவற்றைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, ‘பில் போட்டுக் காசையும் எடுத்துத் தரும்’ என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு தொடருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பில் தானாகப் போவது ஒன்று; காசு தானாக வருவது வேறொன்று. முதலாவதை இன்று சந்தையில் இருக்கும் ஏறக்குறைய எல்லாப் பில்லிங் மென்பொருள்களும் செய்துவிடும். இரண்டாவது, இலங்கையில் இயங்கும் ஒரு கொடுப்பனவு நுழைவாயிலுடன் (அட்டையிலிருந்து பணத்தை எடுத்து உங்கள் கணக்கில் சேர்க்கும் ‘பேமன்ட் கேட்வே’ சேவை) அந்த மென்பொருள் இணைகிறதா என்பதிலும், உங்கள் அங்கத்தவர்களில் எத்தனை பேர் தமது அட்டையிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க ஒப்புதல் தருவார்கள் என்பதிலுமே தங்கியிருக்கிறது. எனவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த நுழைவாயில் ஊடாக எடுக்கிறீர்கள்?’ என்பதாகும்.

வெளிநாட்டு மென்பொருள்களின் விளக்கக் காணொளிகளில் காசு தானாக வந்து சேர்வதைக் காட்டும்போது அதன் பின்னால் பெரும்பாலும் ஸ்ட்ரைப் என்ற வெளிநாட்டு நுழைவாயில் நிற்கும். இதை எழுதும் வரையில் ஸ்ட்ரைப் இலங்கையில் பதிவான வணிகங்களுக்குக் கணக்குத் திறப்பதில்லை. சென்னையில் 2011இல் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் சார்ஜ்பீ போன்ற சிறந்த சந்தா மென்பொருளாக இருந்தாலும், அட்டையிலிருந்து பணம் எடுக்க அதற்கும் ஒரு நுழைவாயில் வேண்டும். இங்கே பேஹியர் போன்ற உள்நாட்டு நுழைவாயில்களில் மாதாந்தம் மீண்டும் மீண்டும் அறவிடும் வசதி இருக்கிறது. அதனோடு அந்த மென்பொருள் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது உங்கள் செலவில் ஒருவரைக் கொண்டு இணைப்பு எழுதுவிக்க வேண்டுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ‘செய்யலாம்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். இலங்கை அட்டை ஒன்றில் நூறு ரூபாயை இந்த வாரம் ஒருமுறையும் அடுத்த வாரம் தானாக இன்னொரு முறையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அட்டையின் காலம் முடிந்தாலோ கணக்கில் மீதி இல்லாமற் போனாலோ மென்பொருள் எத்தனை நாள் கழித்து மறுபடி முயலும், உங்களுக்கும் அங்கத்தவருக்கும் எப்படித் தெரிவிக்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னர், கடந்த மூன்று மாதங்களின் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கொடுப்பனவும் எந்த வழியில் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இத்தகைய கணக்குகளைப் பார்த்துவரும் எனது அனுபவத்தில், மேசையில் வைக்கும் காசு, கைபேசியிலிருந்து வரும் ஒன்லைன் ட்ரான்ஸ்ஃபர், வங்கியில் கட்டிவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பும் சிலிப், கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவரோ அண்ணனோ குடும்பத்துக்காக அனுப்பும் தொகை ஆகிய நான்குமே வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கின்றன. உங்களுக்கும் அப்படியென்றால், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதிக்காக நீங்கள் கொடுக்கும் விலை ஒரு சிலருக்காக மட்டுமே கொடுக்கும் விலையாகிவிடும். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, வந்த காசு யாருடையது என்று கண்டுபிடித்துத் தரும் மென்பொருள்.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் இடறி விழுவது இங்கேதான். கல்முனையில் கராத்தே வகுப்பு நடத்தும் ஒருவருடன் ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து அவருடைய வங்கிக் கூற்றைப் பார்த்தேன். ஒரே மாதத்தில் 2,500 ரூபாய் என்று இருபத்துமூன்று வரிகள் இருந்தன. சிலவற்றில் அனுப்பியவரின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. சிலவற்றில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயர் இருந்தது. ஐந்து வரிகளில் எதுவுமே இல்லை. அந்த ஐவரையும் கண்டுபிடிக்க அவர் வட்ஸ்அப்பில் இரண்டு மாதச் சிலிப் படங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்படியும் ஏற்கெனவே கட்டியிருந்த ஒரு தாய்க்கு நினைவூட்டல் போய்விட்டது. அந்தத் தாயின் மனம் நொந்ததை அவர் என்னிடம் சொன்னபோது, இது வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல என்பது எனக்கு விளங்கியது. நம் ஊர்களில் அங்கத்தவர் என்பவர் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். கட்டிய காசைக் கட்டவில்லை என்று கேட்பது அவருடைய நாணயத்தைச் சந்தேகிப்பதாகிவிடும்.

இதற்கான முதல் மருந்து மென்பொருளில் இல்லை. ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் பெயருக்குப் பதிலாக அந்த இலக்கத்தையே எழுதச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை அங்கத்துவ அட்டையிலும் நினைவூட்டல் செய்தியிலும் தவறாமல் போடுங்கள். இதன் பிறகு மென்பொருளிடம் எதிர்பார்க்க வேண்டியது, வங்கிக் கூற்றைக் கோப்பாக உள்ளே எடுத்து, இலக்கத்தையும் தொகையையும் வைத்துப் பொருத்தி, பொருந்தாதவற்றைத் தனியே காட்டும் வசதி. சம்பளக்காரரான அங்கத்தவர்களிடம் வங்கியில் நிலையான கட்டளை, அதாவது ஸ்டாண்டிங் ஓடர், கொடுக்கும்படி கேட்டுப் பாருங்கள். குறித்த திகதியில் குறித்த தொகை அவர்களுடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாறும். அட்டை இலக்கத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் மீதி இல்லாத மாதத்தில் காசு சத்தமில்லாமல் வராமலே இருந்துவிடும். அதைக் கவனித்துச் சொல்வதும் அதே பொருத்தும் வசதிதான். மேசையில் கட்டுபவர்களுக்கு, கைபேசியால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் லங்கா கியூ.ஆர். அட்டை ஒன்றை வைத்தால், காசை எண்ணி, வைத்து, வங்கிக்குக் கொண்டுபோகும் வேலை குறையும்.

அடுத்து, நம் ஊரின் நாட்காட்டிக்கு அந்த மென்பொருள் வளைந்துகொடுக்குமா என்று பார்க்க வேண்டும். அரச ஊழியர்களின் சம்பளம் மாதத்தின் 25ஆம் திகதியை அண்டி வருகிறது. அவர்களுக்கு 1ஆம் திகதி பில் பொருத்தமாக இருக்கும். வயல் செய்பவர்களிடம் பெரும்போக அறுவடை முடிந்த பின்னரே காசு புழங்கும். அவர்கள் ஆறு மாதச் சந்தாவை ஒரேயடியாகக் கட்ட விரும்புவார்கள். நோன்பு மாதத்தில் பல முஸ்லிம் அங்கத்தவர்கள் இடைநிறுத்தம் கேட்பார்கள். அந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், ஒரு முறை திகதி குறித்துவிட்டு அப்படியே விட முடியாது. நவம்பர், டிசம்பர் மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கி நீங்களே ஒரு வாரம் கதவை மூட வேண்டி வரலாம். இந்த நிலைமைகளில், ஒருவருடைய அங்கத்துவத்தை 30 நாள் நிறுத்தி வைத்தால் அடுத்த பில் திகதி தானாக 30 நாள் தள்ளிப்போக வேண்டும். 140 பேருக்கும் ஒரே சொடுக்கில் ஏழு நாள் கூட்டிக்கொடுக்க முடிய வேண்டும். அங்கத்தவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் அறவிடும் மென்பொருளாக இருந்தால், நிறுத்தி வைத்தவர்களையும் எண்ணிக் காசு கேட்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் விடயத்தில் இரண்டு தேவைகள் உண்டு. கணவர் ஒருவர் அனுப்பும் தொகையை மனைவியின் கணக்கிலும் இரண்டு பிள்ளைகளின் கணக்கிலும் பிரித்துப் போட முடிய வேண்டும். அத்துடன், அவர் 25,000 என்று முழுத் தொகையாக அனுப்பும்போது மிஞ்சுவது முற்பணமாக நின்று அடுத்த மாதப் பில்லில் தானாகக் கழிய வேண்டும். ‘ஒரு பில்லுக்கு ஒரு கொடுப்பனவு’ என்று மட்டும் ஏற்கும் மென்பொருளில் இது பெரிய தொல்லையாகும்.

தமிழ்ப் பரிசோதனையை நீங்களே செய்து பாருங்கள். மென்பொருளில் ‘கொடுப்பனவு கிடைத்தது’ என்று தட்டச்சுச் செய்து, பற்றுச்சீட்டை பி.டி.எஃப். ஆக எடுத்துக் கைபேசியில் திறந்து பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்த ‘கொ’ என்ற எழுத்து, சீட்டில் கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமுமாகச் சிதறி நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குறுஞ்செய்தியிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. தமிழ் யூனிகோடில் அது 70தான். அதுவும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் கணக்கு அல்ல. ‘கட்டவும்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அங்கே எட்டு. செய்தி 70ஐத் தாண்டினால் இரண்டாகக் கணக்கிடப்படும். அப்போது 140 பேருக்கு 280 செய்திகளின் கட்டணம் போகும். எனவே நினைவூட்டலை இலக்கம், தொகை, திகதி என்று சுருக்கமாக எழுதுங்கள்.

இனி விலை. 140 பேரும் கட்டினால் உங்கள் மாத வரவு 4,90,000 ரூபாய். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், 30 டொலர் 9,000 ரூபாய். வரவில் இரண்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இது தாங்கக்கூடியதாகத் தோன்றலாம். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். சந்தாவை ரூபாயில் வாங்கிச் செலவை டொலரில் கட்டுபவரின் மாதச் செலவு 6,000 ரூபாயிலிருந்து 10,800 ரூபாயாகியிருக்கும். ஆகவே ரூபாயில் விலை சொல்லும் மென்பொருள் கிடைத்தால், வசதிகள் ஓரிரண்டு குறைந்தாலும் அதையே விரும்புவேன். அட்டை வழியாக வரும் தொகையில் நுழைவாயில் எடுக்கும் கட்டணம் தனியே போகும். மூன்று வீதம் என்று வைத்தால் ஒரு சந்தாவுக்கு 105 ரூபாய். அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பெறுமதி சேர் வரிக்கு நீங்கள் பதிவுசெய்யவில்லை என்றால் பில்லில் அந்த வரியைப் போடக் கூடாது. மென்பொருளில் அதை நிறுத்திவையுங்கள். பதிவு செய்ய வேண்டிய நிலை வந்தால், வரி வீதத்தை ஒரு திகதியிலிருந்து மாற்றும் வசதி அவசியம். 2024 ஜனவரி 1இல் 15 வீதம் 18 ஆனபோது, வீதத்தை மாற்றியவுடன் பழைய பில்களையும் சேர்த்து மாற்றிவிடும் மென்பொருள் வைத்திருந்தவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல.

வாசலில் விரல் அடையாள இயந்திரம் வைத்து அதைச் சந்தாவுடன் இணைத்துத் தருவதாக விற்பனையாளர் சொல்லக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல் அடையாளத் தரவுகள், உடல்நலத் தகவல்கள், சிறுவர்களின் தரவுகள் ஆகியவற்றை விசேட வகையாகக் கருதுகிறது. உங்கள் சேர்க்கைப் படிவத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு பற்றிக் கேட்டிருந்தால் அதுவும் இதற்குள் வரும். வசூலிப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. பில்லிங் மென்பொருளில் பெயர், அங்கத்துவ இலக்கம், தொலைபேசி, கொடுப்பனவு வரலாறு ஆகியவற்றை மட்டும் வையுங்கள். கடனட்டை இலக்கங்களைக் கொப்பியிலோ எக்செலிலோ எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவை நுழைவாயிலிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

உங்கள் அளவுக்கு எனது ஆலோசனை இது. மாதம் 30 டொலர் மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். மாதாந்தப் பில்லைத் தானாக உருவாக்கும் வசதியுள்ள சோஹோ இன்வொய்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் வங்கிக் கூற்றைப் பொருத்தும் வேலையை முதல் சில மாதங்கள் எக்செலில் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். அங்கத்துவ இலக்கம் பழகிவிட்டால் அது மாதத்தில் ஒரு மாலை நேர வேலைதான். உங்கள் கணக்காளர் ஏற்கெனவே குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால் அதிலேயே தொடங்குவது இன்னும் நல்லது. மூன்று மாதங்களுக்குச் சீ.ஆர். கொப்பியையும் கூடவே எழுதி, மாத முடிவில் இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். அதற்குள், தானாகப் பணம் எடுக்க அட்டை கொடுக்க விரும்புபவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்துவிடும். முப்பது நாற்பது பேருக்கு மேல் முன்வந்தால், உள்நாட்டு நுழைவாயிலுடன் இணைந்த சந்தா மென்பொருளுக்கு மாறுவதில் பொருள் உண்டு.

அப்படி மாறும் நாளில் ஆண்டுக் கட்டணம் முற்கூட்டியே கட்ட வேண்டாம். மாதக் கட்டணத்தில் தொடங்குங்கள். கையெழுத்திடுவதற்கு முன், அங்கத்தவர் பட்டியலையும் முழுக் கொடுப்பனவு வரலாற்றையும் எக்செல் கோப்பாக உங்கள் கண்முன்னே இறக்கித் தரச் சொல்லி, அதைத் திறந்து, மூவரின் நிலுவை சரியாக இருக்கிறதா என்று கொப்பியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.