‘மனை விலைக்கே பழைய வீடு’ என்றால் எவ்வளவு விலை சொல்லலாம்?

கேள்வி: தஞ்சாவூர் மேலவீதியை ஒட்டிய ஒரு தெருவில், 30 அடி அகலமும் 80 அடி நீளமும் கொண்ட மனையில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்கட்டு 1940-களில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். பின்கட்டு 1975 வாக்கில் சேர்த்த கான்கிரீட் கட்டடம். பின்கட்டில் தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து கம்பி தெரிகிறது. முன்கட்டில் ஓர் அறையில் மழைநீர் இறங்குகிறது. வாரிசுகள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். சதுர அடி 4,000 ரூபாய் வீதம் 96 லட்சம் கேட்கிறார்கள். ‘மனை விலைக்கே தருகிறார்கள், கட்டடம் இலவசம்’ என்கிறார் தரகர். இடித்துக் கட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பழுதுபார்த்துக் குடியிருக்கவே விரும்புகிறோம். நாங்கள் என்ன விலை சொல்வது?

பதில்: தரகர் சொன்ன அந்த வாக்கியத்தையே முதலில் சோதிக்க வேண்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறவருக்குக் கட்டடம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவருக்கு மனை விலை என்பது சரியான அளவுகோல். உங்களுக்கு அப்படியல்ல. பழுதான கட்டடத்தை வாங்குகிறவர் அதன் செலவுப் பட்டியலையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே உங்கள் கணக்கில் அந்தக் கட்டடம் இலவசம் அல்ல, கழிக்க வேண்டிய தொகை. இந்த வேறுபாட்டை விற்பவருக்குப் பணிவாகவும் ஆதாரத்தோடும் விளக்க முடிந்தால், விலை பேசுவது எளிதாகிவிடும்.

இடித்துக் கட்டுகிறவருக்குக்கூட இந்த மனை சதுர அடி 4,000 ரூபாய் பெறுமா என்பது தனிக் கேள்வி. ஊருக்கு வெளியே உள்ள காலி மனைக்குக் கிடைக்கும் விலையை வீதிக்குள் இருக்கும் ஒட்டுக் கட்டட மனைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இப்போதுள்ள வீடு இரு பக்கமும் பொதுச் சுவரோடு மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கலாம். அதை இடித்துவிட்டால், புதிய கட்டடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படிதான் அனுமதி கிடைக்கும். தெருவின் அகலம், அந்தப் பகுதி தொடர் கட்டடப் பகுதியா (வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்ட அனுமதிக்கும் பகுதியா) என்பது ஆகியவற்றைப் பொறுத்து, விட வேண்டிய இடைவெளி மாறும். மேலும், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி; அங்கே புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பெரிய கோயில் அத்தகைய சின்னம். அளவு கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து தொடங்கும் என்பதால், உங்கள் வீடு இந்த வட்டங்களுக்குள் வருகிறதா என்பதை வரைபடத்தில் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே வந்தால், பழுதுபார்ப்பதற்கே முன்அனுமதி தேவைப்படும். ஆனால் இடித்துக் கட்ட வரும் போட்டியாளர்கள் குறைவார்கள் என்பதால், ‘மனை விலை’ என்ற வாதமும் அங்கே வலுவிழக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது அடிமனை. தஞ்சை, கும்பகோணம், ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் வீடு ஒருவருக்கும் அதன் அடியில் உள்ள மனை கோயிலுக்கும் உரியதாக இருப்பது அரிதல்ல. தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டுமே 88 கோயில்கள் உள்ளன. அடிமனை கோயிலுடையது என்று தெரியவந்தால், கோயில் நிலப் பத்திரங்களைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் காரணமாகக் கிரயப் பத்திரமே பதிவாகாமல் நின்றுபோகலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேராக யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசத் தொடங்காதீர்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். 1940-களின் வீடு என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே விண்ணப்பித்து வாங்குங்கள்.

இனி, விலையைத் தீர்மானிக்கும் முக்கிய வேலைக்கு வருவோம். கொத்தனாரைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அமர்த்தி, எழுத்து மூலமான அறிக்கையும் வேலைவாரியான மதிப்பீடும் வாங்குங்கள். உங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட இரண்டு கட்டுமானங்கள் இருக்கின்றன. முன்கட்டின் நோய் வேறு, பின்கட்டின் நோய் வேறு. வெளிப்பார்வைக்குக் கம்பி தெரியும் பின்கட்டே மோசமாகவும், நீர் கசியும் முன்கட்டு சிறு வேலையாகவும் தோன்றும். திறந்து பார்த்தால் நிலைமை தலைகீழாக இருப்பதும் உண்டு.

மரச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, உச்சியில் தட்டோடு பதித்தது மெட்ராஸ் டெரஸ். நல்ல தேக்காக இருந்து நீரும் கரையானும் அண்டாதிருந்தால், அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் சட்டத்தின் நடுப்பகுதி நன்றாகத் தெரியும்போதே, சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனை உளுத்துப்போயிருக்கலாம்; மழைநீர் சுவர் ஓரமாக இறங்கும்போது முதலில் நனைவது அந்த முனைதான். ஒவ்வொரு சட்டத்தையும் சுவரோரத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கசியும் அறையில் ஒன்றிரண்டு சட்டங்களை மாற்றினால் போதுமா, அல்லது தளத்தையே பிரித்து மறுபடி போட வேண்டுமா என்பதில்தான் சில லட்சங்களின் வேறுபாடு இருக்கிறது. சட்டங்கள் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் ஊன்றியிருக்கின்றனவா என்பதையும் அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள். அப்படியானால், அந்த வேலைக்கு அண்டை வீட்டாரின் இசைவும் தேவைப்படும். முன்கட்டின் சுண்ணாம்புச் சுவர்மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்; உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரித்திருக்கும், அந்தப் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே மறுபடி பூச வேண்டியிருக்கும்.

பின்கட்டின் கதை கம்பியின் கதை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே ஊடுருவ ஊடுருவ அந்தக் காரத்தன்மை குறைகிறது, பிறகு ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிச் சென்றிருந்தால், பெயர்ந்த இடத்தில் மட்டும் பூசி மறைப்பதால் பயனில்லை. இன்றைக்குப் பெயராத இடமும் நாளை பெயரும். கம்பியின் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்து, தளத்தைச் சீர்செய்ய முடியுமா, இடித்துப் புதிதாகப் போட வேண்டுமா என்று பொறியாளர் தெளிவாக எழுதித் தர வேண்டும். ‘இரண்டும் சாத்தியம்’ என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு விலை பேச முடியாது.

மின்கம்பிகள், இரும்புக் குழாய்கள், கழிவுநீர்ப் பாதை ஆகிய மூன்றையும் முழுமையாக மாற்ற வேண்டும் என்றே கணக்கில் வையுங்கள். இந்த வயதுடைய வீட்டில் அவற்றைச் சோதிப்பதற்காகச் செலவிடுவது வீண். தெரு மட்டம் வீட்டின் தரைமட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா, முற்றத்து மழைநீர் எங்கே போகிறது என்பவற்றை மட்டும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால், ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒருமுறை போய் வாருங்கள்.

இப்போது கணக்கு. அதே பகுதியில், இதே அளவுள்ள, குடியேறத் தக்க நிலையில் உள்ள வீடு உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று விசாரியுங்கள். அது 1 கோடியே 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொறியாளரின் மதிப்பீடு 26 லட்சம் என்றால், அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஆறரை லட்சம், எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்; பழைய தளத்தைப் பிரித்த பிறகுதான் தெரியவரும் வேலைகள் இருந்தே தீரும். வேலை முடியும் வரை நீங்கள் கொடுக்கப்போகும் வீட்டு வாடகைக்கும் கடன் வட்டிக்கும் 3 லட்சம். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 80 லட்சம். இதுவே உங்கள் உச்ச வரம்பு. இதற்கு மேல் கொடுத்தால், சிரமத்தையும் ஏற்றுக்கொண்டு நல்ல வீட்டின் விலையையும் தருகிறீர்கள் என்று பொருள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் எந்த வீடு வாங்கினாலும் உண்டு என்பதால், அவற்றை இந்தக் கழித்தலில் சேர்க்கவில்லை. இந்த எண்கள் எடுத்துக்காட்டு. உங்கள் அறிக்கை கைக்கு வந்ததும் அதன் எண்களை இந்த வரிசையிலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.

உச்ச வரம்பு இருப்பதுபோலக் கீழ் வரம்பும் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. முத்திரைத் தீர்வையைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு மனைக்கானது. வீடு இடிந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது குறையாது. கட்டடத்தின் தேய்மான மதிப்பும் அதனோடு சேரும். அந்த மொத்த மதிப்பு 77 லட்சம் என்றும், நீங்கள் 65 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், தீர்வை 77 லட்சத்துக்கே கட்ட நேரும். அதோடு, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால், அந்த 12 லட்சம் வருமான வரிச் சட்டப்படி உங்கள் வருமானமாகவே கருதப்படும், விற்பவருக்கும் மூலதன ஆதாயம் கூடிய மதிப்பிலேயே கணக்கிடப்படும். மதிப்பை எதிர்த்து முறையிட வழி இருக்கிறது; ஆனால் அது அலைச்சல். ஆகவே, இந்த எடுத்துக்காட்டில், வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் அடங்கும்படி, நான் 73 லட்சத்தில் தொடங்கச் சொல்வேன். 55 லட்சம் என்று சொல்லிப் பார்ப்போமே என்ற எண்ணம் வேண்டாம். பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிய பேச்சில் அது ஐந்து பேரையும் புண்படுத்தும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கிரயம் நடக்காது.

வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், விலை சொல்வதற்கு முன்பே வங்கியின் முதற்கட்ட ஒப்புதலைப் பெறுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அந்த மதிப்பை வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வார், தரகர் அல்ல. பழைய கட்டடத்தின் எஞ்சிய ஆயுளையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் வங்கி கேட்கலாம். பழுதுபார்க்கும் செலவு கிரயக் கடனில் அடங்காது. அதற்குத் தனிக் கடன் அல்லது கையிருப்பு வேண்டும்.

விலையை வாய்மொழியாகச் சொல்லாமல், ஒரு பக்கக் கடிதமாக, பொறியாளரின் அறிக்கையையும் மதிப்பீட்டையும் இணைத்து, ஐந்து வாரிசுகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும்படி கொடுங்கள். ‘எங்களிடம் பேரம் பேசுகிறார்கள்’ என்ற எண்ணம் ‘வீட்டின் நிலை இதுதான்’ என்று மாறுவதற்கு அந்த அறிக்கையே துணை. கடிதத்தில் நாள் வரம்பு ஒன்றும் இருக்கட்டும். மூன்று வாரம் போதும்.

அவர்கள் இசைந்த பிறகும், கையில் இருப்பதையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவதை ஏற்காதீர்கள். பெண் வாரிசுகள் உட்பட ஐவரும் அதில் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீத வருமான வரியை நீங்கள் பிடித்தம் செய்து கட்ட வேண்டும்; வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு இந்த விகிதம் பொருந்தாது, அதற்கு ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். உரிமையில் குறை தெரியவந்தாலோ, தொல்லியல் துறை அனுமதி மறுக்கப்பட்டாலோ, வங்கி கடன் தர மறுத்தாலோ முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். சாதாரணக் கவனத்தில் தென்படாத, தமக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசலுக்கும் பெயர்ந்த தளத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அவற்றையெல்லாம் விலையில்தான் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்பந்தத்தில் தவறாமல் எழுதுங்கள். இத்தகைய வீட்டில் தேக்குத் தூண்கள், வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, அதைத் தாங்கும் சங்கிலி, முற்றத்துக் கல் ஆகியவற்றுக்குப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை உண்டு. ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவை கழன்றுபோனதால் மனக்கசப்பு ஏற்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அறைவாரியாகப் புகைப்படம் எடுத்து, வீட்டோடு வருபவை எவை, குடும்பத்தினர் நினைவாக எடுத்துக்கொள்பவை எவை என்று பட்டியலிட்டு, ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். ஊஞ்சலை அவர்கள் விரும்பிக் கேட்டால் விட்டுக்கொடுங்கள். தூண்களை விட்டுக்கொடுக்க வேண்டாம், முன்கட்டின் தளம் அவற்றின்மேல்தான் நிற்கிறது.