எம்.எஸ். மாத்திரையால் வயிற்று வலி: வேறு ஃபியூமரேட்டுக்கு மாறலாமா?

கேள்வி: வயது 34. நியூ ஜெர்சியில் இருக்கிறேன். விட்டுவிட்டுத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நான்கு மாதமாக டைமெத்தில் ஃபியூமரேட் 240 மி.கி. காலையும் இரவும் எடுக்கிறேன். காலையில் வெறும் காபியோடு போட்டால் ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. சில நாள் பேதியும் ஆகிறது. முகம் சிவந்து எரிகிறது. இரவில் அவ்வளவு தொல்லை இல்லை. டைராக்சிமெல் ஃபியூமரேட்டுக்கு மாறலாமா?

பதில்: இரவில் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரவு மருந்து சாப்பாட்டோடு போகிறது. காலை மருந்து வெறும் வயிற்றில் போகிறது. மருந்தை மாற்றும் முன் காலை உணவை மாற்றிப் பாருங்கள். இரண்டு முட்டையோ, நெய் விட்ட பொங்கலோ, கெட்டித் தயிரோ, புரதமும் கொழுப்பும் உள்ள ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே நடுவில் கேப்ஸ்யூலை முழுசாக விழுங்குங்கள். உடைத்துத் தூவக் கூடாது; உள்ளே இருக்கும் குட்டி மாத்திரைகளின் மேல்பூச்சு போய்விட்டால் எரிச்சல் கூடும். முகச்சிவப்பும் சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். அப்படியும் தாங்கவில்லை என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு, அரை மணி நேரம் முன்பு மேல்பூச்சு இல்லாத ஆஸ்பிரின் 325 மி.கி. வரை எடுக்கலாம். அல்சர் இருந்தவர்களுக்கு இது சரிவராது. அளவைத் தற்காலிகமாக 120 மி.கி.யாகக் குறைத்து, நான்கு வாரத்துக்குள் 240க்குத் திரும்பும் வழியும் உண்டு. அதையும் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் வயிறு அடங்கவில்லை என்றால் டைராக்சிமெல் நியாயமான மாற்றுத்தான். இரண்டுமே உடலுக்குள் மோனோமெத்தில் ஃபியூமரேட்டாக மாறித்தான் வேலை செய்கின்றன. உடையும்போது டைராக்சிமெல் குறைவாகவே மெத்தனாலை வெளிவிடும். குடலுக்கு இதமாக இருக்க அது காரணமாகலாம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஐந்து வார ஆய்வில், வயிற்றுத் தொல்லையால் மருந்தையே நிறுத்தியவர்கள் டைமெத்திலில் 4.8 சதவீதம், டைராக்சிமெலில் 0.8 சதவீதம். ஆனால் ஏதோ ஒரு வயிற்றுத் தொல்லை வந்தவர்கள் டைமெத்திலில் 49 சதவீதம், டைராக்சிமெலில் 35 சதவீதம். எனவே அறவே வராது என்று எதிர்பார்க்காதீர்கள்.

டைராக்சிமெல் 231 மி.கி. கேப்ஸ்யூலாக வரும். முதல் வாரம் வேளைக்கு ஒன்று, பிறகு வேளைக்கு இரண்டு, தினமும் இரு வேளை. டைமெத்திலை நிறுத்திய மறுநாளே தொடங்கலாம். இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. சாப்பாட்டு விஷயத்தில் இது கொஞ்சம் வேறு மாதிரி: 700 கலோரி, 30 கிராம் கொழுப்பு தாண்டும் விருந்தோடு எடுக்காதீர்கள். பிரியாணி சாப்பிடும் வேளை இதற்கு ஏற்றதல்ல. மருந்து எடுக்கும் நேரத்தில் மதுவும் வேண்டாம். இதன் கழிவுப் பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவதில்லை. டைமெத்திலுக்கு மலிவான ஜெனரிக் கிடைக்கிறது. டைராக்சிமெலுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதி தேவைப்படலாம், முன்னதாகவே விசாரித்து வையுங்கள்.

புதிதாக எம்.எஸ். அட்டாக் வந்தாலோ, எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு தெரிந்தாலோ இந்த மாற்றம் உதவாது. அப்போது வேறு வகை மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். லிம்போசைட் என்ற வெள்ளை ரத்த அணு குறைந்தாலும் அப்படித்தான், இரண்டுமே அதைக் குறைப்பவை. தொடங்கும் முன்பும், ஆறாவது மாதத்திலும், பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். எண்ணிக்கை 500க்குக் கீழே ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நிறுத்துவதைப் பரிசீலிப்பார்கள், பி.எம்.எல். என்ற ஆபத்தான மூளைத் தொற்று வரும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அடுத்த சந்திப்பில் லிம்போசைட், கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.