கண்ணிலிருந்து இரண்டு சொட்டு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மட்டக்களப்பில் ஆய்வுகூட வேலையில் இருக்கிறேன். யூவைட்டிஸ் என்கிற கண் உள்ளழற்சிக்கு வைரஸ்தான் காரணமா என்று அறிய, கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்துச் சோதிப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நோயாளியைப் பார்த்து முடிவெடுப்பது கண் டொக்டர்தான். மாதிரி எங்கள் கைக்கு வந்தபின் நடப்பதை நான் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: மிஸ், அம்மாவுக்கு ஒரு கண் சிவந்து மங்கலாகி, கண் பிறஷரும் கூடியிருக்கு. ரத்தத்தில ஹேர்பிஸ் பொசிட்டிவ். பிறகு ஏன் கண்ணில ஊசி?

மகள், ரத்தத்தில் பார்த்தது எதிர்ப்பொருள், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் பொருள். முன்பு எப்போதோ அந்த வைரஸ் வந்துபோனது என்று மட்டுமே அது சொல்லும். எனக்கு ஏழாம் வகுப்பில் கொப்புளிப்பான் வந்து வேப்பிலைக்கு மேல் படுத்துக் கிடந்தேன். இன்றைக்கு என் ரத்தத்தை எடுத்தாலும் அதன் தடயம் இருக்கும். அதற்காக என் கண்ணுக்குள் அந்த வைரஸ் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

எந்த வைரஸ் என்று தெரிவது மருந்துக்காகவும்தான். ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கும் கொப்புளிப்பான் வைரஸுக்கும் அசிக்ளோவிர் வகை மருந்துகள் கேட்கும். சைட்டோமெகலோ வைரஸ் என்றால் கான்சிக்ளோவிர் வேண்டும். வெளியே பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருக்கலாம்.

காத்தான்குடியிலிருந்து: வாப்பா பயப்படுறார். நோகுமா? கண்ணில இருக்கிற தண்ணி குறைஞ்சிடாதா?

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அயடீனால் சுத்தம் செய்துதான் எடுப்பார்கள். மிக மெல்லிய ஊசி. கண்ணின் முன்னறையில் இருப்பதே ஏறக்குறைய 0.25 மில்லிலீற்றர், அதில் 0.1 அல்லது கொஞ்சம் கூட எடுப்பார்கள். அந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருப்பதால் இரண்டொரு மணித்தியாலத்தில் திரும்ப நிரம்பிவிடும். தொற்றோ ரத்தக்கசிவோ வருவது அரிது. ஆனாலும் அதற்குப் பிறகு நோவு கூடினால், பார்வை குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்முனையிலிருந்து: பிசிஆர் நெகட்டிவ் என்று வந்தது. வைரஸ் இல்லை என்று எடுக்கலாமா?

உடனே அப்படி எடுக்க வேண்டாம் தம்பி. பிசிஆர் தேடுவது வைரஸின் மரபுப்பொருளை. ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஆனால் எடுத்த இரண்டு சொட்டில் அந்த ஒன்றாவது இருக்க வேண்டுமே! வருத்தம் தொடங்கி வாரங்கள் போயிருந்தால், வைரஸ் மருந்து ஏற்கனவே தொடங்கியிருந்தால், அகப்படாமல் போகலாம்.

அப்போது கைகொடுப்பது கோல்ட்மன்-விட்மர் கணக்கு. ஒரே நாளில் கண் நீரும் ரத்தமும் எடுத்து, அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தைவிடக் கண்ணுக்குள் விகிதத்தில் கூட இருக்கிறதா என்று ஒப்பிடுவது. கூட இருந்தால் கண்ணுக்குள்ளேயே அது உருவாகிறது என்று அர்த்தம். ருபெல்லா வைரஸ் சம்பந்தப்பட்ட நாட்பட்ட அழற்சியில் பிசிஆரைவிட இது பயன்படும். எல்லா இடத்திலும் செய்வதில்லை, டொக்டரிடம் கேளுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: ரிப்போர்ட் வரும்வரை மருந்து தொடங்கமாட்டார்களா?

விழித்திரை அழுகத் தொடங்கியிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கமாட்டார்கள். நீரை எடுத்த கையோடு மருந்து தொடங்கிவிடும். இயந்திரத்துக்குச் சில மணித்தியாலம் போதும், ஆனால் மாதிரி தூர இடத்துக்குப் போகவேண்டும் என்றால் நாட்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் பார்மசியில் ஸ்டீரொய்ட் சொட்டு வாங்கித் தாங்களாகவே விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். சிவப்பு குறையும், வைரஸ் உள்ளே பெருகும்.

அம்பாறையிலிருந்து ஒரு தாதி: மாதிரி அனுப்பும்போது நாங்கள் கவனிக்கவேண்டியது என்ன, அக்கா?

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். ஒருமுறை ஓரிடத்திலிருந்து பெரிய குழாயில் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை, பாதி உயரத்தில், சுவரில், வியர்வைத் துளிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றி அடியில் இறக்கினால் ஒரு வைரஸுக்குத்தான் போதும். கடிதத்திலோ "வைரஸ்" என்று மட்டும்! எதைத் தேடுவது? டொக்டரைத் தொலைபேசியில் பிடிக்கப் பின்னேரமாகிவிட்டது. அந்த நோயாளியின் கண்ணில் இன்னொரு தடவை ஊசி போகக்கூடாது என்பதுதான் அன்று முழுக்க என் மனதில்.

ஆகவே கிருமிநீக்கிய, சின்ன, திருகு மூடிக் குழாய். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் படக்கூடாது, அது பிசிஆரைத் தடுக்கும். எதையும் கலக்க வேண்டாம். பெயரைக் குழாயில் எழுதுங்கள், மூடியில் அல்ல. ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். கடிதத்தில் எந்தக் கண், வருத்தம் தொடங்கிய திகதி, தொடங்கிய மருந்து, சந்தேகப்படும் வைரஸ்கள் முன்னுரிமைப்படி.

வாழைச்சேனையிலிருந்து: கொரோனாவுக்குப் பார்த்த அதே பிசிஆரா?

முறை அதுதான், இரசாயனம் வேறு. கொரோனா ஆர்என்ஏ வைரஸ், அதை முதலில் டிஎன்ஏ ஆக மாற்றவேண்டும். ஹேர்பிஸ் குடும்பம் டிஎன்ஏ வைரஸ், அந்தப் படி தேவையில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: வெறும் வயிற்றோடு போகவேணுமா?

பொதுவாகத் தேவையில்லை. கிளினிக் கொப்பியையும், குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.