இது நிஜ கரிசலாங்கண்ணிதானா? தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கொல்லைல வெள்ளைப் பூவோட ஒரு செடி தானா முளைச்சு கிடக்கு. மாமியார் கரிசலாங்கண்ணிங்கறாங்க, பக்கத்து வீட்டு அக்கா வெட்டுக்காயப் பூண்டுங்கறாங்க. மஞ்சப் பூ பூக்கறது ஒண்ணும் நர்சரில வாங்கினேன், மஞ்சள் கரிசலாங்கண்ணின்னுதான் குடுத்தாங்க. கடைஞ்சு சாப்பிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மொதல்ல பூவைப் பாருங்கம்மா. நீளமா, ஒல்லியா ஒரு காம்பு எழும்பி அது நுனில ஒத்தைப் பூ நிக்குதா, நடுவுல மஞ்சளா இருந்து சுத்தி நாலஞ்சு வெள்ளை இதழ், ஒவ்வொரு இதழ் நுனியும் மூணா வெட்டின மாதிரி இருக்கா, அப்ப பக்கத்து வீட்டு அக்கா சொல்றதுதான் சரி. கரிசலாங்கண்ணில காம்பு குட்டையா இருக்கும், பூவும் சின்னது, நடுப்பக்கமும் வெள்ளைதான், இதழ் நூல் நூலா இருக்கும். அதுவும் வாய்க்கா ஓரம், வரப்புன்னு ஈரம் இருக்கற எடமாத்தான் தேடி முளைக்கும், வெட்டுக்காயப் பூண்டு காஞ்ச ரோட்டோரத்துலயே ஜம்முன்னு வரும். இன்னும் சந்தேகமா இருந்தா நாலு இலையும் தண்டும் கிள்ளி உள்ளங்கைல நல்லா கசக்கி கொஞ்ச நேரம் விடுங்க, சாறு கறுத்துப் போச்சுன்னா மாமியார் ஜெயிச்சாங்க.

அந்த மஞ்சப் பூதான் எனக்கு ஒதைக்குது. இலை தடிச்சு பளபளன்னு, ஓரத்துல மூணு பிரிவா இருந்தா அது அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்த அழகுச் செடி, பார்க்ல தரை மூட விடுவாங்களே அதேதான். நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை நீட்டமா இருக்கும், பிரிவு இருக்காது. ரெண்டுக்கும் பூ ஒரே சாயல்ல இருக்கறதால விக்கறவங்களுக்கே தெரியறதில்ல. உங்க செடி அந்த மூணு பிரிவு இலை அழகுச் செடியா இருந்தா, கீரைன்னு அதைக் கடைய வேண்டாம். உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல அந்த அழகுச் செடியும் இருக்கு, கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும். வச்சுக்கணும்னா தொட்டியிலயே இருக்கட்டும், வெட்டின தண்டை வாய்க்கால்ல மட்டும் போட்டுடாதீங்க.

கேள்வி: மாடித் தொட்டில கறிவேப்பிலை ஒத்தைக் குச்சியாவே நிக்குது, இலையெல்லாம் எதோ கடிச்சிருக்கு. புளிச்ச மோர் ஊத்தியும் பிரயோஜனம் இல்ல. (வாசகர், மதுரை)

பதில்: மோர் ஊத்தறது இருக்கட்டும் சார், வெயில் படுதா? அரை நாளாவது நேர் வெயில் வேணும். தேவைப்படறப்போ இலையை மட்டும் உருவாம நுனியோட சேத்து ஒடிங்க, கீழ ரெண்டு மூணு கிளை வெடிக்கும். பூ மொட்டு வந்தா கிள்ளிடுங்க. கடிக்கறது பட்டாம்பூச்சிப் புழுவா இருக்கும், கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தானே, எலுமிச்சைக்கு வர்ற அதே பூச்சி இங்கயும் முட்டை வைக்கும். சின்னதுல பறவை எச்சம் மாதிரியே இருக்கறதால கண்ணுல படாது, அப்புறம் பச்சையா கொழுத்துடும். காலைல பாத்து கையால எடுத்துப் போட்டாலே போதும், ரெண்டு தொட்டிக்கெல்லாம் மருந்து எதுக்கு?

கேள்வி: மணத்தக்காளி பழம் கறுப்பா இல்லாம ஆரஞ்சு செவப்பா பழுக்குது, வேற செடியா? (வாசகி, சேலம்)

பதில்: ரெண்டு நெறத்துலயும் உண்டு, பயப்படாதீங்க. நல்லா பழுத்ததை மட்டும் சாப்பிடுங்க, பச்சைக் காயை குழந்தைங்க அப்படியே பறிச்சு வாயில போடாம பாத்துக்கங்க. காய் வேணும்னா மோர்ல ஊறப் போட்டு வத்தலா காய வச்சிடுங்க.